கிளினிக் அசிஸ்டன்ட் வேலையை விட்டுவிட்டு கால்நடை மருத்துவம் படிக்கப் போகலாமா?

மலைக்கோட்டை21:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு 21 வயது. திருச்சியில் நாய், பூனைகளுக்கான ஒரு தனியார் கிளினிக்கில் அசிஸ்டன்ட்டாக இருக்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. பரீட்சை முடிந்த கையோடு வேலைக்கு வந்துவிட்டேன், அப்போது வீட்டு நிலைமை அப்படி. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான்.

வேலை என்றால் இன்னதென்று இல்லை. நாயைப் பிடித்துக்கொடுப்பது, வாய்க்கட்டுப் போடுவது, காலில் முடியை மழித்து ஊசிக்கு நரம்பு காட்டுவது, ட்ரிப் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்வது, ஆபரேஷன் கருவிகளை ஆட்டோகிளேவில் வைப்பது, கடைசியில் தரை துடைப்பது. பார்வோ (நாய்க்குட்டிகளுக்கு வரும் கடுமையான தொற்றுநோய்) வந்த குட்டிகளைப் போட்டிருக்கும் அறைக்கு யாரும் போக விரும்ப மாட்டார்கள், அது என் பொறுப்பு. சம்பளம் 11,000 ரூபாய். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் இதற்கு மேல் ஏற இங்கே ஒரு படியும் இல்லை. எனக்குப் பல வருடம் முன்னால் சேர்ந்த அண்ணன் ஒருவர் இன்னும் இதே வேலைதான் செய்கிறார், என்னைவிட 3,000 ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்.

எங்கள் டாக்டர் மேடம் அடிக்கடி "நீ பி.வி.எஸ்சி. படித்திருக்க வேண்டியவள்" என்பார். சும்மா சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். இப்போது ராத்திரி படுத்தால் மண்டைக்குள் அதுதான் ஓடுகிறது. கட்-ஆஃப் 200க்கு 178. நீட் எழுதியதில்லை. படிப்பு ஐந்தரை வருடம், இந்த வருடமே சேர்ந்தாலும் வெளியே வரும்போது 27 ஆகிவிடும். அதுவரை வீட்டுக்கு என் பணம் வராது.

படிக்கப் போகலாமா, இல்லை வேறு நல்ல கிளினிக்காகப் பார்த்து மாறிக்கொள்ளலாமா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு:

178க்குப் பொதுப் போட்டியில் இடம் கிடைக்காது. தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவத்துக்கு மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான், அதை இனி நீங்கள் மாற்ற முடியாது. மீதி 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு நீட் எழுத வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே நீட் என்பது நடக்கிற காரியமா? ஆசை தப்பில்லை, கணக்கு இடிக்கிறது.

வேப்பேரி_பழையவள்:

நான் வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள், சென்னையில் சொந்த கிளினிக் வைத்திருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி. எந்தப் பள்ளியில் படித்தாய்? மாட்டைத் தொட்டிருக்கிறாயா? அப்புறம், வேலைக்குச் சேர்ந்தபோது ரேபிஸ் தடுப்பூசி போட்டார்களா?

மலைக்கோட்டை21:

அரசுப் பள்ளி, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை. தமிழ் வழி. மாடு இல்லை அக்கா, ஆச்சி வீட்டில் ஆடு இருந்தது, அவ்வளவுதான். ரேபிஸ் ஊசி போடவில்லை. கடித்தால் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

வேப்பேரி_பழையவள்:

படிப்பு விஷயம் அப்புறம். முதலில் அந்த ஊசியைப் போட்டுக்கொள். தினமும் முன்பின் தெரியாத நாயின் வாயில் கை வைக்கிற வேலை உன்னுடையது. கடிபடுவதற்கு முன்பே போடும் அட்டவணை ஒன்று இருக்கிறது: முதல் நாள், ஏழாம் நாள், அப்புறம் 21 அல்லது 28ஆம் நாள். அதைப் போட்டிருந்தாலும் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், மறுபடி ஊசியும் வேண்டும். ஆனால் அப்போது ஊசி குறைவு, காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து தேவைப்படாது. கடிப்பது மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்காதே, கையில் இருக்கும் கீறலில் எச்சில் பட்டாலும் ஆபத்துதான். இதற்கான செலவை உன் முதலாளி ஏற்க வேண்டும். ஏற்காவிட்டாலும் போட்டுக்கொள்.

ஒரத்தநாடு_மூன்றாமாண்டு:

அக்கா, நீங்கள் அரசுப் பள்ளி என்பதை முதலிலேயே சொல்லியிருந்தால் வெட்டிப்பேச்சு அண்ணன் இத்தனை தூரம் பயமுறுத்தியிருக்க மாட்டார்.

2021இல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், உங்களுக்கு அது சரியாகப் பொருந்துகிறது. அந்த இடங்களுக்கு அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் மட்டும்தான் போட்டி, தனித் தரவரிசை. கட்-ஆஃப் பொதுப் பட்டியலைவிட இறங்கித்தான் வரும். எவ்வளவு இறங்கும் என்பது வருடத்துக்கு வருடம் மாறும், உங்கள் சாதிப் பிரிவைப் பொறுத்தும் மாறும். அதனால் 178 போதும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் விண்ணப்பம் போடாமலேயே இல்லை என்று முடிவு கட்ட வேண்டிய மதிப்பெண் அது இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் பணம். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன். எங்கள் வகுப்பில் அரசுப் பள்ளியிலிருந்து வந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது.

கல்லூரிகள் இப்போது ஏழு: வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனிப் பக்கம் வீரபாண்டி. எல்லாம் ஒரே பல்கலைக்கழகம், ஒரே விண்ணப்பம். வயது வரம்பையும் இடைவெளி விட்டு வருகிறவர்களுக்கான விதியையும் மட்டும் அந்த வருடத் தகவல் கையேட்டில் பாருங்கள், இல்லாவிட்டால் மாதவரத்தில் உள்ள சேர்க்கைக் குழு அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இணையத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள், என்னையும் சேர்த்து.

வெட்டிப்பேச்சு:

சரி, கட்டணத்தை விடுங்கள். 66 மாதம், மாதம் 11,000. ஏழு லட்சத்து இருபத்தாறாயிரம் ரூபாய் அந்த வீட்டுக்கு வராமல் போகும். இதை யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்.

கத்திரியும்_சீப்பும்:

அதைத்தான் நான் பேச வந்தேன். நானும் அசிஸ்டன்ட்டாக இருந்தவன்தான். மதுரையில் ஒரு கிளினிக், பெயர் வேண்டாம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டால் ஓட வேண்டும், ஓவர்டைம் என்று வாயைத் திறந்தால் "சேவை மனப்பான்மை இல்லை" என்பார்கள். வெளியே வந்து நாய்களுக்கு முடி வெட்டுவது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது என்று கடை போட்டேன். ஷிட்சூ, பூடில், கோல்டன் ரிட்ரீவர் வளர்க்கிற வீடுகள் இருக்கும்வரை எனக்குக் குறைவில்லை. அசிஸ்டன்ட் வேலையில் பழகியதால் கடிக்கிற நாயையும் மயக்க மருந்து இல்லாமல் சமாளிக்கத் தெரியும், வேறு கடைக்காரர்களுக்கு அது வராது. தடுப்பூசியும் நானே போட்டுவிடுவேன், வீட்டுக்காரர்களுக்கும் அலைச்சல் மிச்சம். தங்கச்சி, பட்டம் ஒன்றுதான் வழி என்று நினைக்காதே.

வேப்பேரி_பழையவள்:

முடி வெட்டுவது நல்ல தொழில், மறுக்கவில்லை. தடுப்பூசி விஷயத்தைப் பொதுவில் எழுதாமல் இருப்பது உங்களுக்கே நல்லது. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984. அதன் 30ஆவது பிரிவுப்படி பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம், சான்றிதழில் கையெழுத்துப் போடலாம். சிறு சிகிச்சைகளை டிப்ளமோவோ சான்றிதழோ பெற்ற பணியாளர் செய்யலாம், அதுவும் மருத்துவர் மேற்பார்வையில். நீங்கள் ஒரு குட்டிக்கு ஊசி போட்ட பத்தாவது நிமிடம் முகம் வீங்கி மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள்?

கத்திரியும்_சீப்பும்:

பக்கத்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன். சரி மேடம், புரிகிறது.

அறந்தாங்கிரோடு:

புதுக்கோட்டை மாவட்டத்தில் அரசுக் கால்நடை உதவி மருத்துவர். இந்தப் பெண்ணுக்கு எல்லோரும் சேர்வது எப்படி என்று சொல்கிறீர்கள், சேர்ந்தபின் என்ன என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா, நீ பார்த்தது நாயும் பூனையும். பி.வி.எஸ்சி. & ஏ.ஹெச். என்பதில் கடைசி இரண்டெழுத்து கால்நடை வளர்ப்பு. பாடத்தில் பாதிக்கு மேல் பசு, எருமை, ஆடு, கோழி, பன்றி, தீவனம், பால், இறைச்சிப் பரிசோதனை. வெளியே வந்து அரசு வேலைக்குப் போனால் நாய் என்பது கூட்டம் குறைந்த பிறகு வரும் விருந்தாளி.

என் ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் மருந்தகம் திறக்கும்போதே வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து உருப்படி கட்டியிருக்கும். வயிறு உப்பிய ஆடு, சினை ஊசிக்கு (செயற்கைக் கருவூட்டலுக்கு) வந்த பசு, மடிநோய், குடற்புழு. நடுவில் போன் வரும், எங்கோ ஒரு பசு கன்று போட முடியாமல் விடியற்காலையிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது என்று. போய்ப் பார்த்தால் கன்றின் தலை பின்பக்கம் மடங்கியிருக்கும். தோள் வரை கையுறை, தரையில் படுத்தபடி உள்ளே கையை விட்டுத் தலையைத் திருப்ப வேண்டும். பசு முக்கும்போது உள்ளே இருக்கும் கை மரத்துப்போகும். கன்று உயிரோடு வந்தால் வீட்டு அம்மா காபி கொடுப்பார். வராவிட்டால், பசுவையாவது காப்பாற்றினீர்களே என்று சொல்கிறவர்களும் உண்டு, வசவும் உண்டு. நஞ்சுக்கொடி விழாத மாட்டைக் கையுறை இல்லாமல் தொட்டு புருசெல்லா தொற்றை வாங்கிக்கொண்டவர்கள் எங்கள் துறையில் உண்டு. மாதக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் படுத்தும்.

இதற்கு மேல் கோமாரித் தடுப்பூசி முகாம், வெயில் ஏறுவதற்குள் ஊர் ஊராகப் போய்ப் போட வேண்டும். காப்பீடு செய்த மாடு செத்தால் பிரேதப் பரிசோதனை, சான்றிதழ். தை பிறந்தால் ஜல்லிக்கட்டு. எங்கள் மாவட்டத்தில் வாடிவாசலுக்குப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு காளையையும் பார்த்துத் தகுதி சொல்ல வேண்டும். தகுதியில்லை என்று சொன்னால் காளைக்காரரின் சொந்தபந்தமே திரண்டு வரும். பாதி நாள் பேரேடும் ஆன்லைன் பதிவும்.

சம்பளம் நல்ல சம்பளம்தான், அடிப்படை ஊதியம் 56,100இல் தொடங்குகிறது. ஆனால் வேலை எப்போது வரும் என்பது டி.என்.பி.எஸ்.சி. கையில். 2019 கடைசியில் 1,141 இடத்துக்கு அறிவிப்பு வந்தது, அந்த மாதிரி அறிவிப்பு வருடா வருடம் வருவதில்லை. என்னுடன் படித்தவர்களில் வயதும் பொறுமையும் தீர்ந்து வேறு பக்கம் போனவர்கள் உண்டு.

உன்னைத் தடுக்க இதையெல்லாம் சொல்லவில்லை. அருகில் உள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போய், மருத்துவரிடம் அனுமதி கேட்டு, விடுமுறை நாட்களில் நின்று பார். நாங்கள் ஆள் பற்றாக்குறையில் இருக்கிறோம், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடிக்க ஒரு கை கூடுதலாகக் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். பார்த்தபிறகு முடிவெடு.

முட்டைக்கோட்டை:

நாமக்கல்லில் இருந்து. அரசு வேலை இல்லாவிட்டால் தெருவில் நிற்க வேண்டும் என்ற மாதிரி எழுதுகிறார் சார். இங்கே முட்டைக்கோழிப் பண்ணைகள், பல்லடம் பக்கம் கறிக்கோழி நிறுவனங்கள், தீவன ஆலைகள், மருந்துக் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் டாக்டர் வேண்டும். நான் ஒரு பண்ணைக் குழுமத்தில் இருக்கிறேன். ஒரே நாளில் பல ஆயிரம் கோழிகளைப் பற்றி முடிவெடுப்பேன், ஒரு கோழியையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன். செத்த கோழியை அறுத்துப் பார்த்து, மீதியைக் காப்பாற்றுவதுதான் மருத்துவம். நாய்க்குட்டிக்கு ட்ரிப் ஏற்றிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இது ஒத்துவராமல் போகலாம், சொல்லிவிட்டேன்.

சினைஊசி:

இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். துறையில் கால்நடை ஆய்வாளர் பதவி. பிளஸ் டூ போதும், தேர்வானால் துறையே பயிற்சி கொடுக்கும். நான் அப்படித்தான் வந்தேன். கிளை நிலையத்தில் தனியாக இருப்போம். சினை ஊசி, தடுப்பூசி, முதலுதவி. ஐந்தரை வருடம் காத்திருக்க வேண்டாம். இதிலும் அறிவிப்பு வர வேண்டும், அதுதான் சிக்கல். எப்போது எடுப்பார்கள் என்று கேட்காதீர்கள்.

மலைக்கோட்டை21:

எல்லோருக்கும் நன்றி. கட்டணம் இல்லை என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது, அப்பாவிடம் சொன்னதும் இரண்டு தடவை கேட்டார். பணம் பற்றி வெட்டிப்பேச்சு அண்ணன் சொன்னதுதான் வீட்டிலும் பேச்சு. தம்பிக்கு அடுத்த வருடம் படிப்பு முடிகிறது, அதுவரை இழுத்துப் பிடித்தால் போதும் என்கிறார் அம்மா.

எனக்கு வேறு பயம். தமிழ் வழியில் படித்தவள் நான், கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். அப்புறம் வேப்பேரி அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் இந்த வேலையை நன்றாகச் செய்கிறேன் என்றால் டாக்டர் வேலையையும் நன்றாகச் செய்வேன் என்று அர்த்தமா?

ஒரத்தநாடு_மூன்றாமாண்டு:

ஆங்கிலத்துக்கு முதல் வருடம் அழுவீர்கள், நானும் அழுதேன். உடற்கூறியல், உடலியங்கியல், பண்ணை மேலாண்மை. எலும்பைக் கையில் எடுத்து அதில் இருக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பெயர் சொல்ல வேண்டும், ஃபார்மலின் நெடியில் கண் எரியும். ஆனால் அந்தப் பெயர்கள் கான்வென்ட்டில் படித்தவனுக்கும் புதிதுதான், அங்கே எல்லோரும் சமம். பின்தங்குவது பத்தி பத்தியாக விடை எழுதுவதில். சீனியர் நோட்ஸ் கிடைக்கும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். வருகைப்பதிவில் மட்டும் விளையாடாதீர்கள். உங்கள் கிளினிக் அனுபவம் முதல் இரண்டு வருடம் எதற்கும் உதவாது. நோயாளிகளைப் பார்க்கிற வருடங்கள் வரும்போது தெரியும், எங்களில் பலர் நரம்பு கிடைக்காமல் நாயைக் குத்திக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு ஒரே தடவையில் ஏறும்.

வேப்பேரி_பழையவள்:

நீ கேட்டது சரியான கேள்வி. பதில்: அர்த்தம் இல்லை.

என்னிடம் இருந்த மிகச் சிறந்த அசிஸ்டன்ட் ஒருவர், கைராசிக்காரர், ஒரு போதும் டாக்டராக ஆகியிருக்கக் கூடாதவர். அவருக்கு முடிவெடுப்பது பிடிக்காது. அது அவருக்கே தெரியும், அதனால்தான் நிம்மதியாக இருந்தார்.

ஒன்பது வயது லேப்ரடார் பெண்நாய் வருகிறது என்று வை. கருப்பையில் சீழ் கோத்திருக்கிறது, தண்ணீராகக் குடிக்கிறது, சாப்பிடவில்லை. இன்று ராத்திரியே வயிற்றைத் திறந்தால் பிழைக்கலாம், மேசையிலேயே போகவும் போகலாம். ட்ரிப்பும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்து நாளை வரை தேற்றிவிட்டுத் திறந்தால் மயக்க மருந்தைத் தாங்கலாம், அதற்குள் கருப்பை வெடிக்கவும் செய்யலாம். சிறுநீரக ரிப்போர்ட் மோசம். வீட்டுக்காரர் கையில் இருக்கும் பணம் ஆபரேஷனுக்கு மட்டும் போதும், அதற்கப்புறம் வரும் நாட்களுக்குப் போதாது. அவர் உன் முகத்தைப் பார்க்கிறார். உனக்கு இதில் நாயைப் பிடிப்பது, ட்ரிப் ஏற்றுவது, தட்டைத் தயார் செய்வது தெரியும், எனக்கு அதெல்லாம் உன்னளவுக்கு வராமலும் இருக்கலாம். ஆனால் இன்றைக்கா நாளைக்கா என்று சொல்ல வேண்டியவள் நான், தப்பானால் வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டியவளும் நான். கருணைக்கொலையும் அப்படித்தான். நீ எத்தனையோ நாய்களைக் கடைசி நேரத்தில் பிடித்துக்கொண்டிருப்பாய். மருந்தை ஏற்றுகிற கை வேறு.

ஒரு காரியம் செய். இனி ஒவ்வொரு நோயாளி வரும்போதும் உன் டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீயே மனதுக்குள் சொல்லிக்கொள்: என்ன நோயாக இருக்கும், எந்தப் பரிசோதனை, வீட்டுக்காரரிடம் என்ன சொல்வேன். அப்புறம் அவர் சொல்வதோடு ஒப்பிடு. உன் கணிப்பு தப்பினால் பரவாயில்லை, நீ படித்தவள் இல்லையே. கவனிக்க வேண்டியது வேறு. தப்பியதும் ஏன் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை என்றால் கிளம்பு. அப்பாடா, நல்ல வேளை இந்த முடிவு என் தலையில் இல்லை என்று தோன்றினால் அதையும் மறைக்காமல் ஒத்துக்கொள், அதற்கேற்ற வேலைகள் உண்டு.

பணத்தைப் பற்றி ஒரு வரி. புதிதாகப் படித்து வரும் டாக்டருக்குத் தனியார் கிளினிக்குகள் கொடுக்கிற தொடக்கச் சம்பளம், நான் பார்த்தவரை, வெளியே நினைக்கிற அளவு இல்லை. சொந்த கிளினிக் வைக்க முதலீடு வேண்டும். நாயைப் பிடிக்கும் என்பதற்காக வராதே, நாயை எல்லோருக்கும் பிடிக்கும்.

வெட்டிப்பேச்சு:

இந்த இழையிலேயே உருப்படியான பதில் இதுதான். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

முட்டைக்கோட்டை:

சாதனை.

மலைக்கோட்டை21:

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. ஊசி போட்டுக்கொண்டேன், செலவில் பாதி கிளினிக் கொடுத்தது.

அறந்தாங்கி சார் சொன்னபடி சனிக்கிழமைகளில் எங்கள் பக்கத்து அரசு மருந்தகத்துக்குப் போகிறேன். டாக்டர் சார் முதலில் யோசித்தார், அப்புறம் ஓரமாக நில் என்றார், இப்போது பதிவேடு எழுதச் சொல்கிறார். பிரேதப் பரிசோதனை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, வெயிலில் கிடந்த மாடு, வெளியே வந்து வாந்தி எடுத்தேன். ஆனால் விவசாயிகள் நோயைச் சொல்கிற விதம் பிடித்திருக்கிறது. "நேற்று சாயங்காலத்திலிருந்து அசை போடவில்லை, இடது பக்கம் தட்டினால் கொட்டு மாதிரி கேட்கிறது" என்கிறார் ஒரு பாட்டி. எங்கள் கிளினிக்கில் "டல்லாக இருக்கிறான்" என்பதற்கு மேல் எதுவும் வராது.

வேப்பேரி அக்கா சொன்னதையும் செய்து பார்க்கிறேன். பெரும்பாலும் தப்புகிறது. ஒரு பூனைக்குச் சிறுநீர் அடைப்பு என்பதை மட்டும் டாக்டர் மேடம் சொல்வதற்கு முன்னால் பிடித்தேன். தப்பினால் மேடம் கிளம்பும்வரை காத்திருந்து கேட்கிறேன், அவருக்கு எரிச்சலாகக்கூட இருக்கலாம்.

இந்த வருடம் விண்ணப்பம் போடப்போகிறேன். வயது விஷயத்தைப் போன் செய்து கேட்டுவிட்டேன். 7.5இல் கிடைத்தால் போவேன். கிடைக்காவிட்டால் வெளிமாநிலத் தனியார் கல்லூரி, கடன் என்று போக மாட்டேன், அது வீட்டில் பேசி முடிவானது. நீட் ஒரு தடவை எழுதிப் பார்க்கலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. விண்ணப்பம் வருவதற்கு முன்னால் என்னென்ன சான்றிதழ் எடுத்து வைக்க வேண்டும்?

ஒரத்தநாடு_மூன்றாமாண்டு:

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ். வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே போட்டுவிடுங்கள், தாசில்தார் அலுவலகத்தில் நாள் பிடிக்கும். முக்கியமானது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட சான்று. நடுநிலைப் பள்ளி ஒன்று, மேல்நிலைப் பள்ளி வேறொன்று என்றால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். மே மாத விடுமுறையில் தலைமையாசிரியர் கிடைக்க மாட்டார், அதற்கு முன்னால் போய்விடுங்கள்.

மலைக்கோட்டை21:

எட்டாவது வரை ஒரு பள்ளி, அப்புறம் வேறு பள்ளி. அடுத்த வாரம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இரண்டுக்கும் போய் வருகிறேன். நன்றி தம்பி.